ரயில்வே பாலத்தடியில் ஒரு ‘டக்’

ஊட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரயில்வே பாலத்தைத் தெரியாதவர்கள் மலையில் கிடையாது. மழை கொஞ்ச நேரம் வெளுத்து வாங்கினால் போதும், கோடப்பமந்து கால்வாய் வழிந்து பாலத்தடியே குளமாகிவிடும். மழை விட்டால் வடிந்தும்விடும். இத்தனையும் தெரிந்த உள்ளூர்க்காரன்தான் நான். தெரிந்தேதான் காரை இறக்கினேன். எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ போய் அக்கரை ஏறிவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

ஐப்பசி மாதம், சாயங்காலம் ஐந்தரை மணி. பின்சீட்டில் அம்மா, மடியில் மார்க்கெட் பை. தண்ணீர் பாதி சக்கரம்தான் இருந்தது. முதல் கியரில் மெதுவாகப் போனேன். அதோடு போயிருந்தால் தப்பித்திருப்பேன். பாதிவழியில் எதிரே ஒரு பஸ் வந்தது. அது தள்ளிக்கொண்டு வந்த அலை பானெட்டின் மேலேயே ஏறி அடித்தது. இன்ஜின் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுபோனது.

கை சும்மா இருக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். ‘டக்’. ஒரே ஒரு சத்தம். பேட்டரி இறங்கின வண்டி கொஞ்சம் முனகும், இது முனகவில்லை. சுவரில் முட்டிய மாதிரி நின்றது.

நாலு பேர் இறங்கித் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். மலையூரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டே: இறக்கத்தில் உருட்டிவிட்டு, செகண்ட் கியரில் போட்டு க்ளட்சை விடுவது. “ஒரு தடவ விட்டுப் பாருங்க, புடிச்சுக்கும்” என்றார் ஒருவர். நானும் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் நின்றிருந்த ஜீப்பிலிருந்து அதன் டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

“சாவிய எடுங்க சார். எடுத்து பாக்கெட்ல போடுங்க. வண்டி தண்ணி குடிச்சிருக்கு. இனி யார் சொன்னாலும் தொடாதீங்க.”

“அவர் சொல்றத கேளு தம்பி” என்றார் அம்மா பின்னாலிருந்து.

அவர் சொன்னது ஏன் சரி என்பதை நான் பிற்பாடு கோயம்புத்தூர் வொர்க்‌ஷாப்பில்தான் புரிந்துகொண்டேன். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. டீசல் இன்ஜின் உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. என் வண்டி 1250 சிசி அளவு, நாலு சிலிண்டர். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் மிஞ்சும் இடம் சுமார் 20 மில்லிதான். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. ஆனால் கீழேயிருந்து, சுற்றும் தண்டான கிராங்க் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. அது வளைகிறது. இறக்கத்தில் க்ளட்சை விட்டிருந்தால் ஒரு டன் எடையுள்ள வண்டியே அந்த ராடை மிதித்திருக்கும். உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம்.

காற்று இழுக்கும் குழாயின் வாய் என் காரில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அதுவரை சொல்லத் தெரியாது. வலது ஹெட்லைட்டுக்குப் பின்னால், முன் கிரில்லுக்குச் சற்று மேலே. நின்ற தண்ணீர் அதற்கு எட்டவில்லை, அலை எட்டிவிட்டது.

அங்கேயே நின்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு கிளைம் நம்பர் வாங்கினேன். ஜீப் டிரைவர் சொல்லி, பாலத்தடித் தண்ணீரையும் கார் கதவில் இருந்த ஈரக் கோட்டையும் போட்டோ எடுத்தேன். பிற்பாடு அந்தப் போட்டோக்கள்தான் பேசின. கயிறு கட்டி இழுக்க ஒருவர் தயாராக இருந்தார். வேண்டாமென்று, முழு வண்டியையும் மேலே ஏற்றும் ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. குன்னூர் தாண்டி பர்லியார் வழியாக, பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் என் கார் இன்னொரு வண்டியின் முதுகில் இறங்கியது.

வொர்க்‌ஷாப்பில் முதல் விதி: சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. கழற்றிவிட்டால் எப்போது, எதனால் போனது என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் வந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் அடியில் சேறு, மடித்த காகிதம் நனைந்து கூழாகியிருந்தது. ஆயில் ஸ்டிக்கை உருவினால் நுனியில் பால் டீ நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணுனீங்களா?”

இந்தக் கேள்வி வரும், இல்லையென்று சொல்லிவிடு என்று மச்சான் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தான். எனக்குச் சொல்ல வரவில்லை. “ஒரே தடவை சாவி திருப்பினேன். சுத்தல. அப்புறம் தொடல” என்றேன். எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கழற்ற அனுமதி வந்தது. கிளைம் நிராகரிக்கப்பட்டால் கழற்றின கூலி என் தலையில் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெக்கானிக் கையாலேயே கிராங்கைச் சுற்றினார். இரண்டாவது, மூன்றாவது ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. பிறகு சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைத் தூக்கி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து உயரம் பார்த்தார். ஒன்று, இரண்டு, நாலு எல்லாம் சமம். மூன்றாவது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தாழ்வு. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ராடை வெளியே எடுத்துப் புது ராடோடு சேர்த்துப் பிடித்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

பத்து நாளில் கடிதம்: இது விபத்துச் சேதம் அல்ல, ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’, பாலிசியில் வராது. சாதாரண பாலிசிக்கு அது உண்மைதான். தொடர்ந்து வரும் நஷ்டமும் மெக்கானிக்கல் கோளாறும் அதில் சேராது. ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வரும் சேதத்துக்கான ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் நான் எடுத்திருந்தேன். எடுத்தேன் என்பதைவிட, ஏஜென்ட் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன் என்பதே சரி. கடிதம் எழுதியவர் பாலிசியின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தின் நகல், போட்டோக்கள், மெக்கானிக்கின் உயர அளவுகள் எல்லாவற்றையும் இணைத்து அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். சேதமான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டி அதிகமாகும் சேதம் நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. வண்டி ஓடவே இல்லை, ரெக்கவரி ரசீது இதோ என்றும் சேர்த்தேன். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரி. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். போக வேண்டி வரவில்லை. பதினெட்டாம் நாள் சம்மதித்தார்கள்.

முழுப் பணமும் வரவில்லை. பில் 1,64,000 ரூபாய். வண்டிக்கு மூன்று வயது தாண்டி நாலு முடியவில்லை என்பதால் உலோக பாகங்களில் 25 சதவீதம் தேய்மானம் கழித்தார்கள்: 1,20,000-க்கு 90,000. ரப்பர், பிளாஸ்டிக் 8,000-க்குப் பாதி. ஆயில், கூலன்ட், நட்டு போல்ட் 6,000-க்கு ஒன்றுமில்லை. கூலி 30,000 முழுசாகக் கொடுத்தார்கள். 1500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 போக, கைக்கு வந்தது 1,23,000. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ கவரும் போட்டிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு ராத்திரி தூக்கம் கெட்டது வேறு விஷயம். சாவி ஒரு தடவை திருப்பியதற்காக எதையும் கழிக்கவில்லை.

தை மாதம் சேரிங் கிராஸில் அந்த ஜீப் டிரைவரைப் பார்த்தேன். டீக்கடை வாசலில் நின்றிருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். “ராடு போச்சா சார்?” என்றார்.

“மூணாவது” என்றேன்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார். “எனக்கு ரெண்டாவது. கூடலூர் ரோட்ல. நாலு தடவ ஸ்டார்ட் பண்ணுனேன்.”