கிரென்னாவும் கிளம்பியிருக்கவே கூடாத பலூனும்

ஸ்வீடனில் கிரென்னா என்றாலே எல்லோரும் மிட்டாயைத்தான் சொல்கிறார்கள். கடைத்தெருவில் திரும்பின பக்கமெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய பெப்பர்மின்ட் குச்சிகள். பேருந்தில் வந்து இறங்குகிற கூட்டம் அதை வாங்கிக்கொண்டு, ஏரியோரம் நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறது. அதே தெருவில், பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பிய மூன்று பேரின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

போகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் வந்து, நேஷோவில் மாறி யொன்ஷொப்பிங். அங்கிருந்து வெட்டர்ன் ஏரியை ஒட்டியே பேருந்து. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? எங்கள் ரயில் தாமதமாக வந்ததில் பேருந்து போய்விட்டது. வெளியே நின்ற டாக்ஸிக்காரர் கேட்ட தொகைக்கு ஸ்டாக்ஹோம் திரும்பும் டிக்கெட்டே எடுத்திருக்கலாம். அங்கேயே வேலை பார்க்கும் என் தங்கை கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "அண்ணா, இதுல ஏறினா ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு." அந்த நாட்டில் டாக்ஸிக் கட்டணத்தை அந்தந்த கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கட்டணச் சீட்டைப் பார்க்காமல் யாரும் ஏறாதீர்கள். குளிரில் நின்று அடுத்த பேருந்தில்தான் போனோம்.

இவ்வளவு பாடுபட்டுப் போனது சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரேவுக்காக. 1854இல் இந்த ஊரில் பிறந்தவர், காப்புரிமை அலுவலகத்துப் பொறியாளர். ஹைட்ரஜன் பலூனில் ஏறி வடதுருவத்தைத் தாண்டிவிடலாம் என்று 1895இல் நாட்டையே நம்பவைத்தார். மன்னர் இரண்டாம் ஆஸ்கர் பணம் கொடுத்தார். ஆல்ஃபிரட் நோபல் அதைவிட அதிகமாகக் கொடுத்தார்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் நில்ஸ் எக்ஹோல்ம். வானிலை அறிஞர். 1896இல் முதல் முயற்சிக்கு ஆந்த்ரேவுடன் ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போனவர். காற்று ஒத்துழைக்காமல் பலூன் கொட்டகையிலேயே கிடந்தபோது, அதன் தையல் ஓட்டைகள் வழியாக எவ்வளவு வாயு கசிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது நாள் மிதக்கும் என்று சொல்லப்பட்ட பலூன் பதினேழு நாள்கூடத் தாங்குவது சந்தேகம் என்று தெரிந்தது. அந்தக் கணக்கிலும் ஏதோ உதைத்தது. ஊர் திரும்பும் கப்பலில்தான் விஷயம் வெளியே வந்தது: ஆந்த்ரே யாருக்கும் சொல்லாமல் அவ்வப்போது ஹைட்ரஜனை நிரப்பச் சொல்லியிருக்கிறார்! எக்ஹோல்ம் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்குத்தான் 27 வயது க்நூட் ஃப்ரெங்கெல் வந்தார். மூன்றாமவர் நில்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க், வயது 24, புகைப்படக்காரர். அப்போதுதான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது.

1897 ஜூலை 11ஆம் தேதி கிளம்பினார்கள். கயிறுகளைத் தரையில் இழுத்துக்கொண்டே போய்ப் பலூனைத் திருப்பலாம் என்பது ஆந்த்ரேவின் சொந்த ஏற்பாடு. கிளம்பிய சில நிமிடங்களிலேயே அந்தக் கயிறுகள் முறுக்கிக்கொண்டு திருகாணியோடு கழன்று விழுந்தன. போனது 530 கிலோ. கூடை கடலில் முங்கியதால் பயந்துபோய் அவர்களாகவே கொட்டிய மணல் இன்னொரு 210 கிலோ. திருப்புவதற்குக் கயிறு இல்லை, பாரமும் இல்லை, பலூன் 700 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. அந்த உயரத்தில் வாயு இன்னும் வேகமாகக் கசியும். பிறகு மூடுபனியின் ஈரம் உறைந்து கனம் ஏறி, கூடை பனியில் மோதி மோதிப் போய், ஜூலை 14ஆம் தேதி நின்றுவிட்டது. துருவத்துக்குப் பக்கத்தில்கூட அவர்கள் போகவில்லை.

அருங்காட்சியகத்தில் இங்கேதான் நேரம் போவதே தெரியாது. பனிமேல் சாய்ந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்க்கும் படம். ஸ்டிரிண்ட்பெர்க் எடுத்தது. ஏழு கிலோ கேமராவையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். ஃபிலிம் சுருள்கள் 33 வருடம் பனியில் புதைந்து கிடந்தன. 1930இல் ஸ்டாக்ஹோமில் யான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைக் கழுவி, 240இல் 93 படங்களை மீட்டார். படம் முழுக்கக் கறையும் புள்ளியும். அந்த இரண்டு உருவங்கள் மட்டும் தெளிவு.

ஒவ்வொரு ஸ்லெட்ஜிலும் (பனியில் இழுக்கும் சறுக்கு வண்டி) ஏறக்குறைய 200 கிலோ ஏற்றிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். காலடியில் இருந்த பனி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. திசையை மாற்றினார்கள், பனியும் மாறியது. செப்டம்பர் 4 ஸ்டிரிண்ட்பெர்க்கின் 25ஆவது பிறந்தநாள். வீட்டாரும் காதலி ஆனா ஷார்லியேவும் எழுதியிருந்த கடிதங்களை ஆந்த்ரே அன்று வரை பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார். அவர்மேல் எவ்வளவோ கோபம் இருந்தும் இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அக்டோபரில் குவிட்டோயா என்ற பனித்தீவில் கரையேறினார்கள். அதோடு சரி.

1930 ஆகஸ்டில் நார்வே கப்பல் ஒன்று அந்தத் தீவுக்குப் போனது. தண்ணீர் தேடிப் போன இரண்டு மாலுமிகள் கண்ணில் ஓர் அலுமினிய மூடி பட்டது. பிறகு படகு, நாட்குறிப்பு, உடல்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே ஒரு பிரைமஸ் ஸ்டவ். நம் வீடுகளில் பம்ப் அடித்து ஊசி போட்டுப் பற்றவைத்தோமே, அதே இனம்தான். ஸ்வீடன்காரர் கண்டுபிடிப்பு. 33 வருடம் கழித்தும் அதில் எண்ணெய் மிச்சம் இருந்தது, பம்ப் அடித்தால் வேலையும் செய்தது. அப்படியென்றால் எப்படிச் செத்தார்கள்? சரியாக வேகாத பனிக்கரடி இறைச்சியிலிருந்து வந்த புழுவால் என்று 1952இல் ஒரு டேனிஷ் மருத்துவர் சொன்னார். ஈய நஞ்சு, ஸ்டவ் புகை, தற்கொலை என்று இன்னும் பல வாதங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் உடையைப் பாருங்கள். எல்லாம் கம்பளி. ரோம உடையே கொண்டுபோகவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஏரிக்கரையில் புகைபோட்ட ரோடிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். விலையைப் பார்த்துவிட்டு ஒரு தட்டைத்தான் இரண்டு பேரும் பகிர்ந்தோம். ஆனால் என்ன ருசி! லேசான உப்பு, தோலோடு ஒட்டின கொழுப்பு, விரலில் மரப்புகை வாசம். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்குச் சரியாக இருந்த ஒரே சாப்பாடு. மிட்டாயை வேண்டுமானால் விடுங்கள், இந்த மீனை விடாதீர்கள்.

ஸ்டாக்ஹோம் திரும்பினால் சோல்னாவில் இருக்கிற நோர்ரா கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விட்டு வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மூவரின் சாம்பலும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டிரிண்ட்பெர்க்கின் காதலி ஆனா ஷார்லியே பிறகு ஓர் ஆங்கிலேயரை மணந்துகொண்டு வெளிநாட்டில் வாழ்ந்தார். அவர் இறந்த 1949இல், ஸ்டிரிண்ட்பெர்க்கின் பிறந்தநாளான அதே செப்டம்பர் 4 அன்று, அவர் இதயத்தை ஒரு வெள்ளிப் பேழையில் வைத்து ஸ்டிரிண்ட்பெர்க் பக்கத்தில் புதைத்தார்கள். பணம் கொடுத்த நோபலின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான். பலூன் கிளம்புவதற்கு முந்தைய டிசம்பரிலேயே நோபல் இறந்துவிட்டார். அவர் கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள், ஆந்த்ரே குழுவின் கல்லறை எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள்.