பர்வதமலை: கடப்பாறைப் பாதையில் கால் நடுங்கும்போது

பர்வதமலை உச்சியில் இருக்கும் சிவன், மல்லிகார்ஜுனரைப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டும் கிளம்பாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். கேட்டால், "அந்தச் சங்கிலியைப் பிடிச்சு ஏறுறது நம்மால ஆகுமா?" என்பார்கள். நியாயமான பயம்தான். சுமார் 4,560 அடி மலை, உச்சிக்குச் சற்று முன்னால் சங்கிலி பிடித்து ஏற வேண்டிய செங்குத்துப் பாறை. ஆனால் மொத்த வழியில் அது சின்னப் பகுதி. பலரும் திணறுவது அதற்கு முன்பே.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் மலை. கடலாடி வழியாகவும் ஏறலாம், தென்மகாதேவமங்கலம் வழியாகவும் ஏறலாம். தென்மகாதேவமங்கலம் பக்கம் பச்சையம்மனையும் முனிகளையும் கும்பிட்டு, அடிவாரத்து வீரபத்திரரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு ஏறுவது வழக்கம். முதலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அங்கே உற்சாகத்தில் வேகமாக ஏறி, அதற்குப் பிறகு வரும் கல் பாதையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஏற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. விரதம் என்று வெறும் வயிற்றில் ஏறினால் பாறையில் தலைசுற்றும். இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவதால் ஈசன் கோபித்துக்கொள்ள மாட்டார். குரங்குகள் கைப்பையைப் பிடுங்கும். எல்லாமே முதுகுப்பைக்குள் இருக்கட்டும், ஐந்து கிலோவுக்கு மேல் போக வேண்டாம்.

கடப்பாறை நெட்டு, தண்டவாளப்படி, ஏணிப்படி, ஆகாயப்படி என்று அந்தச் செங்குத்துப் பகுதியின் இடங்களுக்குப் பேரே இருக்கிறது. கடப்பாறைகளைப் பாறையில் அறைந்து சங்கிலி கோத்திருக்கிறார்கள். இங்கே ஒரே விதி: இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில், ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர வேண்டும். மற்ற மூன்றும் பிடிமானத்தில் நிற்க வேண்டும். பயந்தவர்கள் சங்கிலியை இறுக்கிப் பிடித்து உடம்பைக் கையாலேயே மேலே இழுப்பார்கள். சிறிது நேரத்தில் முன்கை மரத்துப்போய்ப் பிடி தளரும். உடம்பைத் தூக்க வேண்டியது தொடை. சங்கிலியைப் பிடிப்பது உடம்பு சாயாமல் இருப்பதற்கு மட்டும். மேலே ஒருவர் பிடித்திருக்கும் அதே கண்ணியைக் கீழே இருப்பவரும் பிடித்தால், ஒருவர் அசைக்கும்போது மற்றவர் ஆடிப்போவார். முன்னவர் அடுத்த கடப்பாறையைத் தாண்டும்வரை காத்திருங்கள்.

பாதி வழியில் கெண்டைக்கால் தையல் மெஷின் போல வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும். 'அவ்வளவுதான், நம்மால் முடியாது' என்று மனம் விட்டுப்போவது அந்த இடத்தில்தான். காரணம் பெரும்பாலும் சின்னது: நுனிக்காலில் வெகுநேரம் நின்றதால் தசை களைத்திருக்கிறது. குதிகாலைக் கீழே இறக்குங்கள், பாதம் முழுக்கப் பதியும் இடம் தேடுங்கள். மூச்சை உள்ளே பிடித்து வைப்பதும் நடுக்கத்தைக் கூட்டும். "ஓம் நமசிவாய" என்று வாய்விட்டு நீட்டிச் சொல்லுங்கள். மூச்சு மெதுவாக வெளியேறியே ஆக வேண்டும், மனமும் கீழே பள்ளத்துக்கு ஓடாமல் நாமத்தில் நிற்கும். கண் அடுத்த பிடியை மட்டும் பார்க்கட்டும். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் உச்சிக்குப் போகும் இன்னொரு வழியான படிப்பாதையில் போகலாம். இரண்டு பாதையும் சேர்வது ஒரே சன்னதியில். தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் பாறையில் நன்றாகப் பிடிக்கும். மழை பெய்து பாறை நனைந்திருந்தால் எந்தக் காலும் பிடிக்காது, அன்றைக்குக் கடப்பாறைப் பாதை வேண்டாம்.

இருதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அடிவாரத்தைத் தாண்டக் கூடாது. நெஞ்சில் பாரம், இடது கையில் வலி வந்தால் அது பயம் என்று நினைத்து மேலே ஏறாதீர்கள். உட்காருங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள்.

மலைபடுகடாம் என்ற சங்க நூல் பாடும் நன்னன் என்ற மன்னனின் நவிர மலை இதுதான் என்பார்கள். நஞ்சுண்ட கடவுள் உறையும் மலையாகச் சங்கப் புலவர் அதைச் சொல்லியிருக்கிறார். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பக்தர்கள் தாங்களே அபிஷேகம் செய்து, பூச்சூட்டி வணங்கும் வழக்கம் உள்ள கோயில். எனவே வில்வம், விபூதி, கற்பூரம், நல்லெண்ணெயை அடிவாரத்திலிருந்தே கொண்டுபோக வேண்டும். எண்ணெய்ப் பாட்டில் கசிந்தால் கை வழுக்கும், தனிப் பையில் கட்டுங்கள். பௌர்ணமியில் கூட்டம் நெரியும். முதல்முறை போகிறவர்களுக்குச் சாதாரண நாளே நல்லது. நின்று நிதானமாகப் பார்க்கலாம், பின்னால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

முழங்கால் சோதனை இறங்கும்போதுதான். இறங்குவதற்குப் படிப்பாதை. செங்குத்தான இடம் வந்தால் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். சிறிய அடியாக, முழங்காலை லேசாக மடக்கியே வைத்து, பக்கவாட்டில் கால் வையுங்கள். எதிரே ஏறி வருபவர் "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று கேட்டால், "பக்கத்துலதான்" என்று ஆறுதலுக்குச் சொல்லாமல் உள்ள நேரத்தைச் சொல்லுங்கள். அவர் தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும்.