இரண்டு கச்சேரிக்கு நடுவே தில்லை

மிருதங்கத்தில் நான் வாசித்த கோர்வை, கணக்குப் போட்டு முடிக்கும் தாளச் சொற்கட்டு, அரை இடம் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஆதி தாளம், ஒன்றரை இடம் தள்ளிப் பாட்டு தொடங்கும் எடுப்பு. பத்து வயதிலிருந்து கை பழகிய கணக்கு. பாடகர் ஒரு கணம் திகைத்து, ஒரு சின்ன கமகத்தில் அந்த அரை இடத்தை நிரப்பிக்கொண்டு பல்லவியை எடுத்துவிட்டார். வயலின்காரர் மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சபையில் கைதட்டல் வழக்கம்போல வந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது கச்சேரி. மதியம் பன்னிரண்டு மணிக்கு மயிலாப்பூரில் ஒன்று, நான்கு மணிக்கு தியாகராய நகரில் ஒன்று, அப்புறம் இது. சென்னையில் டிசம்பர் சீசன் என்றால் என்னைப் போன்ற பக்கவாத்தியக்காரர்களுக்கு இதுதான் விளைச்சல் காலம். வருஷம் முழுக்க வராத அழைப்பெல்லாம் இந்த மூன்று வாரத்தில் வந்து சேரும். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இன்றைக்கு வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் நம் நம்பர் அவர்கள் ஞாபகத்தில் இருக்காது. ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதி, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று இரண்டு மிருதங்கத்தையும் ஆட்டோவில் மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு ஓட வேண்டும். பனியில் தோல் வார் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய அரங்கத்துக்குள் போனால் கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி பேசும். இடது பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி, வலது பக்க வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி கூட்டி நிமிர்வதற்குள் திரை விலகிவிடும். அன்று மாலை கோர்வை வாசித்தபோது என் மனசு மறுநாள் மதியக் கச்சேரிக்கு எந்த மிருதங்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அரை இடம் அங்கேதான் போனது.

மேடையிலிருந்து இறங்கி போனைப் பார்த்தால், மறுநாள் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, கச்சேரி இல்லை என்று செய்தி. வீட்டில் மனைவியிடம் பேசினேன். கோர்வை விழுந்ததைச் சொல்லவில்லை, மறுநாள் கச்சேரி இல்லை என்பதை மட்டும் சொன்னேன். குரலிலேயே தெரிந்திருக்கும் போல. "ஏங்க, நாளைக்குத் திருவாதிரை. எத்தனை வருஷமா சிதம்பரம் போகணும்னு சொல்லிட்டிருக்கீங்க? அப்படியே பஸ் ஏறுங்க. இங்க களி நான் பண்ணிக்கறேன்" என்றாள்.

சரி என்று ஏறிவிட்டேன். ஒரு மிருதங்கத்தை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, மற்றதை விட்டுவர மனசில்லாமல் கூடவே எடுத்துக்கொண்டேன். புதுச்சேரி, கடலூர் வழியாகப் போகும் பஸ். உறையோடு மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேனா இல்லையா என்று சொல்லத் தெரியாத ஒரு தூக்கம்.

விடிகாலை மூன்றரைக்குச் சிதம்பரம். தேரோடும் வீதிகளில் வாசலுக்கு வாசல் கோலம். முந்தின நாள் தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. மற்ற கோயில்களில் தேரில் வருவது உற்சவ மூர்த்தி. தில்லையில் மூலவரான நடராஜரும் சிவகாமி அம்மையுமே கருவறையை விட்டு இறங்கித் தேரேறுகிறார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மட்டும், வருஷத்தில் இரண்டே முறை. தேரிலிருந்து இறங்கிய இரவு ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையில் தங்குகிறார்கள். விடிவதற்கு முன் அங்கேதான் மகாபிஷேகம்.

கோபுர வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் என் உறையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"மிருதங்கம்."

"யாருக்கு வாசிக்க வந்திருக்கீங்க?"

"வாசிக்க வரலைங்க. பார்க்கத்தான்."

உள்ளே போகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. யாருக்கு வாசிக்கிறாய் என்று இந்தச் சீசனில் என்னை யாரும் கேட்டதில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தச் சுருதி என்றுதான் கேட்பார்கள்.

ராஜசபைக்கு முன்னால் நிற்க இடமில்லை. தூரத்தில் ஒரு தூண் ஓரமாக, மிருதங்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பால், தயிர், தேன், சந்தனம், விபூதி என்று ஒவ்வொன்றாகக் குடம் குடமாக வழிந்தது. நடராஜருக்கு வருஷத்தில் ஆறு அபிஷேகம்தான், அதில் இது ஒன்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகளுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை, அப்புறம் கொஞ்சம் மஞ்சள். விபூதி அபிஷேகத்தின்போது மட்டும் முன்னால் இருந்த ஒருவர் குனிந்தார். வலது மேல் கை தெரிந்தது. அந்தக் கையில் துடி, சின்ன உடுக்கை.

எத்தனை படங்களில் பார்த்த கை. ஆனாலும் அன்றைக்குத்தான் ஒரு தாளவாத்தியக்காரனாக அதைப் பார்த்தேன். உலகம் தோன்றுவதே அந்தத் துடியின் ஒலியில்தான் என்கிறது சைவம். அவன் ஆட, நந்தி மத்தளம் வாசிப்பதாகச் சின்ன வயதில் எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார். முதல் பாடம் ஆரம்பிக்கும் முன் நந்தியை நினைத்துக்கொள்ளச் சொல்வார். கடைசியாக எப்போது நினைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக்கூட கை ஒழியவில்லை.

பக்கத்தில் ஒரு பாட்டியம்மா மெல்லிய குரலில் திருவெம்பாவை சொல்லிக்கொண்டிருந்தார். மாணிக்கவாசகரின் இருபது பாட்டும் வரிசை தப்பாமல் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மார்கழி விடியலில் சொல்லப்படும் பாட்டு. எங்கள் சீசனுக்கு வயது நூறுதான் ஆகப்போகிறது. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து ஓர் இசை மாநாடு நடந்து, அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழிக்கும் கச்சேரிக்கும் இன்றுள்ள பந்தம் அப்படி வளர்ந்ததுதான். பாட்டியம்மாவின் பாட்டுக்கு மேடை இல்லை, மைக் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இருபதாவது பாட்டு முடிந்ததும் மறுபடி முதல் பாட்டு.

அபிஷேகம் முடிந்து, அலங்காரம் முடிந்து, சுவாமி கருவறையான சித்சபைக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். இடையில் களி கிடைத்தது. வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த சூடான களி, தொன்னையில். சேந்தனார் என்ற விறகு விற்கும் அடியார், மழையில் விறகு நனைந்து விற்காமல் போன நாளில், வீட்டில் இருந்ததைக் கொண்டு களி கிண்டி ஓர் அடியாருக்குப் படைத்தார். மறுநாள் பார்த்தால் அந்தக் களி நடராஜர் சன்னதியில் சிதறிக் கிடந்தது என்பது கதை. அதே சேந்தனார் பல்லாண்டு பாடித்தான் நின்றுபோன தேர் நகர்ந்தது என்றும் சொல்வார்கள். விற்காத நாளில் கிண்டிய களி என்பதால் அது எனக்கு எப்போதும் பிடித்த கதை. வேலை கைவிட்ட நாளில் அடியாராக வந்த விருந்தாளி அந்தச் சிவன்.

அதே கோயிலில் இருக்கும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டு வந்து ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

எழுப்பியது நாகஸ்வரம்தான். கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. சுவாமி புறப்பாட்டுக்கென்றே இருக்கும் உருப்படி, முழுக்க லயத்தின் மேல் நிற்பது. கூட்டம் ஒரே மூச்சில் எழுந்தது. நானும் முண்டியடித்து முன்னால் போனேன். எப்படியோ தவில்காரருக்கு நான்கைந்து அடி தூரத்தில் போய் நின்றுவிட்டேன்.

அறுபது வயது இருக்கும். வலது கை விரல்களில் துணியும் பசையுமாகச் சுற்றிக் காய்ந்த கூடு, இடது கையில் பூவரசங்கழி. நான் வழக்கமாகத் தவில்காரரின் கையைத்தான் பார்ப்பேன், எந்தச் சொல் எப்படி விழுகிறது என்று. அன்றைக்கு என் பார்வை அவர் கண்ணுக்குப் போனது. அவர் தவிலையும் பார்க்கவில்லை, நாகஸ்வரக்காரரையும் பார்க்கவில்லை. சுவாமியைத் தோளில் ஏந்தி வரும் தீட்சிதர்களின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோள்கள் தாழ்ந்தால் இவர் கை அடங்கியது. தோள்கள் எழும்பும் கணத்துக்குச் சரியாக, வாசிப்பை முடிக்கும் தீர்மானச் சொல் வந்து விழுந்தது. நடுவில் ஒருமுறை கூட்ட நெரிசலில் சுவாமி நின்றார். அவர் பாதி ஓடிய கணக்கை விட்டுவிட்டு வெறும் தொப்பியில் மட்டும் கும் கும் என்று மெதுவாகத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். எத்தனை ஆவர்த்தனம் காத்திருந்தார் என்று நான் எண்ணவில்லை.

சித்சபையை நெருங்கும்போது நடராஜரும் சிவகாமியும் முன்னும் பின்னுமாக ஆடி வந்தார்கள். இதுதான் ஆருத்ரா தரிசனம். ஆயிரக்கணக்கான கைகள் தலைக்கு மேலே போயின. கற்பூரப் புகை, சங்கு, மணி, தவில், எல்லாக் குரல்களும் ஒன்றாகின. பொன் வேய்ந்த கூரைக்குக் கீழே அவர்கள் போய் மறையும்வரை நான் கண் சிமிட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். என்ன வேண்டிக்கொண்டேன்? ஒன்றுமே வேண்டிக்கொள்ளவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு தவில்காரர் பிரகாரத்தில் உட்கார்ந்து விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். போய் நமஸ்காரம் பண்ணினேன். தோளில் இருந்த உறையைப் பார்த்ததுமே சிரித்தார்.

"மிருதங்கமா? உக்காருங்க தம்பி."

முந்தின நாள் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அரை இடமா, எந்த எடுப்பு, எந்த நடை என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். தொடையில் தட்டி அந்தக் கோர்வையை ஒருமுறை போட்டும் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. வாசிக்கும்போது பாட்டுக்காரர் முகத்தைப் பார்த்தீங்களா?"

இல்லை என்றேன்.

"சாமி புறப்பாட்டுல எனக்கு இது தான் பாடம், தம்பி. கணக்கு கையில இருக்கும், அது எங்கயும் போகாது. தூக்கிட்டு வர்றவங்க கால் எப்ப எடுக்குதோ, அதான் என் எடுப்பு. நான் முந்தினா சாமியைத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்."

கூடுகளைக் கழற்றிய விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார். நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரவு தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். நானும் அதைத்தான் செய்கிறேன் என்றேன்.

இரவு பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் மாலை நான்கு மணிக் கச்சேரி. மனைவி களியை டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தாள். மேடைக்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தேன். பாடிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இதுதான் அவருக்கு முதல் பெரிய மேடை. உட்கார்ந்ததும் நந்தியை நினைத்துக்கொண்டேன். நடுவில் அவர் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டை எடுத்தார். ஆபோகி ராகம். தில்லைச் சபாபதியைப் பற்றி கோபாலகிருஷ்ண பாரதி செய்தது. ரூபக தாளம்.

அனுபல்லவியில் மேலே போகும்போது அவருக்கு மூச்சு கொஞ்சம் திணறியது. பக்கத்திலிருந்து பார்த்தபோது தோள் எழும்புவது தெரிந்தது. வலந்தலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தொப்பியில் மட்டும் மெதுவாக, கும், கும். அவர் மூச்சு எடுத்து முடிக்கும்வரை.