எதிரே வருபவர் தூக்கும் விரல்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரச் சிற்றூரான டம்பி பேக்குக் குடிவந்த முதல் வாரம். நவம்பர் மாதம், அறுவடை நேரம். போர்ட் லிங்கனில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை. காலை ஷிப்டுக்காக ஆறு மணிக்கே காரை எடுத்துவிட்டேன். எதிரே ஒரு யூட் (பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி) வந்தது, பின்னால் நாய் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்த பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்கிவிட்டுப் போனார். டயரில் ஏதாவது கோளாறோ என்று ஓரம்கட்டி இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்து வந்த லாரிக்காரரும் அதையே செய்தார். கூட வேலை பார்ப்பவரிடம் கேட்டேன். "அது வணக்கம்தான். கிராமத்து ரோட்டில் எல்லாரும் செய்வோம்" என்றார்.

லிங்கன் ஹைவே போர்ட் அகஸ்டா பக்கம் தொடங்குகிறது. வையல்லா, கோவெல், ஆர்னோ பே, டம்பி பே என்று ஸ்பென்சர் வளைகுடாவின் மேற்குக் கரை ஊர்களைக் கோத்துக்கொண்டு போர்ட் லிங்கனில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல். அதில் கடைசி 50 கிலோமீட்டர்தான் என் பங்கு. கோதுமை வயல், கம்பி வேலி, அவ்வப்போது இடது பக்கம் கொஞ்சம் கடல். வழியில் ஒரு டீக்கடை இல்லை. தானியம் ஏற்றிய ரயில் 2019-இல் நின்றுபோனது. அதுமுதல் கோதுமை எல்லாம் லாரியில்தான் துறைமுகத்துக்கு வருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லர் கோத்த லாரி வேகமாக எதிரே கடக்கும்போது கார் ஒரு உலுக்கு உலுக்கும். அந்த உலுக்கலிலும் மேலே கண்ணாடிக்குப் பின்னால் விரல் எழும்.

அந்த விரல் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம். செவ்வாய்க்கிழமைதோறும் வெளிர்நீலக் காரில் வரும் பாட்டி நான்கு விரலையும் விரிப்பார். சிலர் தாடையை மட்டும் அசைப்பார்கள். நார்த் ஷீல்ட்ஸ் தாண்டி போர்ட் லிங்கன் நெருங்கினால் எல்லாம் நின்றுவிடும். அங்கே வண்டிகள் அதிகம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்த இடம் வரும்போது தினமும் ஒரு சின்ன ஏமாற்றம்.

எங்கள் உடன்குடியில் இதற்கு விரல் வேண்டாம், வாய் போதும். "கிளம்பும்போது எங்கேன்னு கேக்காதல" என்று என்னை அதட்டும் ஆச்சி, அடுத்த நிமிடமே தெருவில் போகிறவரைத் திண்ணையிலிருந்து "எங்கய்யா கிளம்பிட்ட?" என்பாள். பதில் அவளுக்குத் தேவையே இல்லை. "இந்தா, இங்கனதான்" என்றால் போதும்.

இந்தக் கரையை 1802-இல் வரைபடமாக்கிய மேத்யூ ஃபிளிண்டர்ஸ் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்காரர். போர்ட் லிங்கன், லவுத் பே, பாஸ்டன் தீவு, டம்பி பே எல்லாம் அவருடைய சொந்தச் சீமைப் பெயர்கள்தான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான பார்ங்கார்லா மக்கள் போர்ட் லிங்கனைக் கலின்யாலா என்று அழைத்தார்கள். இருந்த பெயரைக் கேட்காமல் புதிதாக வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அத்தனை தூரம் வந்தும் தன் ஊர்ப் பெயர்களையே நினைத்துக்கொண்டிருந்த மனம் எனக்குப் புரிகிறது. லவுத் பே பிரியும் இடத்தை நானும் மனதுக்குள் குலசேகரப்பட்டினம் விலக்கு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. பொழுது சாயும் நேரம் கங்காருவுக்காக வேகத்தைக் குறைப்பது, மாலையில் கடலோரம் நடப்பது எல்லாம் பழகிவிட்டது. இதுதான் என் ஊர் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அப்புறம் டம்பி பேயின் தானியக் குதிர்கள் கண்ணில் படும். வானளாவிய அந்தக் கான்கிரீட் குதிர்களில் அர்ஜென்டீனா ஓவியர் மார்ட்டின் ரான் 2018-இல் வரைந்தது: படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்கும் பையன்கள். அதைப் பார்த்தால் தேரிக்காட்டு ஓரத்துப் பம்புசெட் கிணறுதான் ஞாபகம் வரும். முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி அப்பா என்னைத் தள்ளிவிட்டது, தண்ணீரைத் தொடும் முன் வயிறு ஒட்டிக்கொண்டது, மேலே வந்ததும் அவர் கொடுத்த கருப்பட்டித் துண்டு.

போன ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் திருச்செந்தூர் ரோட்டில் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். எதிரே மினிபஸ் வந்தது. பழக்கத்தில் என் விரல் தானாக எழுந்தது. பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் பையன் படியில் தொங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"எங்க போணும்ணே?"

"இந்தா, இங்கனதான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.