ரஸ்மக் முகாமின் படங்கள்

காலையிலிருந்து ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் ஆல்பத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. 1930களின் வஜிரிஸ்தான்; ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய, இன்றைய பாகிஸ்தானின் மலைப்பகுதி. 1923இல் 6,000 அடி உயரத்துக்கு மேல் அமைந்த ரஸ்மக் ராணுவ முகாம்: முள்கம்பி வேலி, வரிசையான குடில்கள், பின்னால் மொட்டை மலை.

ஒரு படம் மனசைப் பிசைகிறது. லாரிகள் கணவாயைக் கடப்பதற்கு முன் இருபுறமும் குன்றேறிக் காவல் நிற்க வேண்டும். அப்படி ஏறி உட்கார்ந்திருக்கும் நாலு பேர். கல்லை அடுக்கி ஒரு மறைப்பு, கையில் தேநீர்க் குவளை. சிரிக்கிறார்கள். இறங்கும் நேரம்தான் ஆபத்து. பழங்குடிப் போராளிகள் அதற்காகவே காத்திருப்பார்கள். அது அவர்கள் மண்ணாயிற்றே.

கோவேறு கழுதைகள், ஹாக்கி ஆட்டம், பனி மூடிய கூரைகள் என்று இன்னும் எத்தனையோ. 1947 டிசம்பரில் முகாம் காலியானது. அந்த நாலு பேரும் பத்திரமாக இறங்கியிருக்க வேண்டும்.