டேங்கின் உச்சியில் ஒரு வளைந்த குழாய்

புதிதாக வேலைக்குச் சேரும் டிப்ளமோ பையன்களை பிளான்ட்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனால் பம்ப், மோட்டார், வால்வு என்று எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். டேங்கின் உச்சியில் கீழ்நோக்கி வளைந்து நிற்கும் வெண்ட் பைப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில் எதுவும் ஓடுவதாகத் தெரியாது, எங்கும் போய்ச் சேர்வதும் இல்லை. அதனால் நானே அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வரும். எதிர் மூலையில் இன்னொன்று போட்டதும் சீராகக் கொட்டும். வெண்ட் பைப் அந்த இரண்டாவது ஓட்டை. டேங்கை நிரப்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறவும், பம்ப் இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. வெயிலில் காய்ந்த டேங்கின் மேல் திடீரென்று மழை கொட்டினால் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும். அப்போதும் காற்று அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று டேங்கை நசுக்கிவிடும். கூம்பு மூடி போட்ட சாதாரண ஸ்டோரேஜ் டேங்குகள் பார்க்கத்தான் பிரம்மாண்டம். அவற்றில் பல, சுமார் 65 மி.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமமான வெற்றிடத்தைத்தான் தாங்கும். 5 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் அது 300 மி.மீ. ஆகிவிட்டால், மூடியின் மேல் ஏறக்குறைய 6 டன் பாரம் ஏற்றியதற்குச் சமம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அப்படி நசுங்கிய டேங்கைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடிக்க வந்தவர்கள், உள்ளே தூசி போகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் வெண்ட் வாயில் பாலிதீன் கவரைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். அடுத்த ஷிப்டில் பம்பைப் போட்டார்கள். கவர் கிழிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வாயில் இருந்த கம்பிவலை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டது. தகடு உள்பக்கமாக மடிந்து கிடந்தது, கவர் முழுசாக இருந்தது. எல்லோரும் பெயின்டரைத் திட்டினார்கள். அந்தக் குழாய் எதற்கு என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பாய்லரிலும் இதே கவனம் வேண்டும். லைட்அப் செய்யும்போது, அதாவது நெருப்பு மூட்டிக் கிளப்பும்போது, டிரம் வெண்ட் (தண்ணீரும் நீராவியும் இருக்கும் டிரம்மின் உச்சியில் உள்ள வெண்ட்) திறந்திருக்க வேண்டும். காற்றெல்லாம் போய், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ வந்த பிறகு மூடுவோம். நிறுத்தும்போதும் 2 கிலோவுக்கு இறங்கியதும் திறந்துவிட வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1,600 லிட்டர் நீராவியாக விரிகிறது. அது குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேன்ஹோல் (ஆள் இறங்கும் வாய்) மூடியின் கேஸ்கெட் இடம் பெயர்ந்து ஒழுக ஆரம்பிக்கும்.

எனக்கு அதிகம் வாக்குவாதம் வந்தது, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கி அதில் கரைந்த வாயுக்களை நீக்கும் டீயேரேட்டரின் வெண்ட்டில்தான். அதிலிருந்து மெல்லிய நீராவி எந்நேரமும் போய்க்கொண்டே இருக்கும். மிச்சப்படுத்தச் சொல்லி மேலிடத்தில் நெருக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

“ஏன் தம்பி, இதை மூடினீங்க?”

“ஸ்டீம் வேஸ்டா போகுது சார்.”

வேஸ்ட் இல்லை. தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் அந்த நீராவியோடுதான் வெளியேறுகின்றன. மூடினால் அந்த ஆக்சிஜன் ஃபீட் வாட்டரோடு (பாய்லருக்கு ஊட்டும் தண்ணீர்) எகனாமைசருக்கு, அதாவது புகைச் சூட்டில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சும் டியூப் வரிசைக்கு, போய்விடும். அப்படிக் கெட்டுப்போன டியூபை அறுத்துப் பார்த்தால் உள்சுவரில் செம்பழுப்பு நிறக் கொப்புளங்கள் தெரியும். ஒன்றைச் சுரண்டினால் அடியில் கறுப்புப் பொடி, அதைத் துடைத்தால் தகட்டைத் தின்றுகொண்டே போகும் குழி. ஒரு டியூப் ஓட்டையானாலும் பாய்லரை நிறுத்தியாக வேண்டும். மிச்சம் பிடித்த நீராவி இந்த நஷ்டத்துக்கு ஈடாகாது. சில இடங்களில் வெண்ட் வால்வின் டிஸ்கிலேயே (வழியை அடைக்கும் தகடு) சிறு துளை போட்டிருப்பார்கள், முழுக்கத் திருகி மூடினாலும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

பெயின்டிங் பெர்மிட்டில் (வேலை தொடங்க எழுதித் தரும் அனுமதிச் சீட்டு) ‘வெண்ட் திறந்துள்ளதா’ என்று ஒரு வரி இப்போது எங்களிடம் உண்டு. வேலை முடிந்ததும் மேலே ஏறிப் பார்த்தவர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே, மழைக்காலத்துக்கு முன் கம்பிவலைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறேன். கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது. வளைவுக்குள் குளவி கட்டிய மண்கூடு வலையைக் கழற்றினால்தான் தெரியும்.