அண்டக் கதிர் அடிக்கும் வெண்கலக் கும்பா: வெள்ளவத்தையில் இதுவரை

விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர் ஊடுருவும்போதெல்லாம் கும்பாவைத் தட்டி ஒலிக்க வைக்கும் கருவி இது. இப்போதைய நிலையில் எஸ்பிஎம்-20 கைகர் ரியூப் (கதிர் பட்டால் மின் துடிப்புத் தரும் குழாய்) இரண்டு ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவுக்கு நடு 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. 100 மைக்ரோசெக்கனுக்குள் இரண்டும் துடித்தால் இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை சொலினொயிட்டை (மின் பாய்ந்தால் தண்டைத் தள்ளும் காந்தச் சுருள்) தட்டிவிடும். அது வெண்கலக் கும்பாவில் அடிக்க, எல்ஈடி நாடாவில் மேலிருந்து கீழாக ஒளி ஓடும்.

ஏன் இரண்டு? ஒரு ரியூப் மட்டும் இருந்தாலும் நிமிடத்துக்கு 20 தடவை போலத் துடிக்கும். அதில் பெரும்பகுதி சுவரும் மண்ணும் விடுகிற காமாக் கதிர். அதற்கெல்லாம் மணி அடித்தால் கேட்பது சுவரின் சங்கீதம். காமா இரண்டையும் சேர்த்துத் துடிக்க வைப்பது அபூர்வம், மியூவோனோ (அண்டக் கதிர் மேல் வளியில் மோதும்போது பிறக்கும் துணிக்கை) இரண்டையும் நேரே ஊடுருவிப் போகும். இயற்பியலாளர்கள் போதேயும் கைகரும் 1920களில் கையாண்ட உத்தி இது. தற்செயலாக இரண்டும் ஒன்றாகத் துடிப்பது இந்த அளவுகளில் நாளுக்கு இரண்டு தடவைதான். உண்மையானவை நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு. கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் புவிக் காந்தப்புலம் குறைந்த சக்தித் துணிக்கைகளைத் தடுத்துவிடும், ஆகவே பாடநூல் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

ரியூப் தவிர மற்றதெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். ஒவ்வொரு ரியூப்புக்கும் தனித்தனி 5.1 மெகாஓம் தடை வேண்டும், அதுவும் அனோட்டுக்கு (நேர் முனைக்கு) ஒட்டியே. ஒரே தடையைப் பங்கிட்டால் ஒன்றின் துடிப்பு மற்றதிலும் தெரிந்து பொய்ச் சோடி (இரண்டும் சேர்ந்து துடித்தது போன்ற பதிவு) உருவாகும். ரியூப்புக்குக் கொடுக்கும் 400 வோல்ற்றைச் சாதாரண மல்ரிமீற்றரால் அளக்க வேண்டாம். அதன் 10 மெகாஓம் உள்தடையே வோற்றளவை இழுத்து வீழ்த்தும். 100 மெகாஓம் தடை பத்தைத் தொடராக வைத்து அளந்து, வாசிப்பை 101ஆல் பெருக்குங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் ஏற்றம் நிற்கும், இறக்காமல் கை வைக்கக் கூடாது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றுத்தான் பெரிய எதிரி. பற்றாசு பிடித்தபின் எஞ்சிய பிளக்ஸில் (பற்றாசு ஒட்ட உதவும் பசையில்) ஈரமும் உப்பும் ஏறினால் மின் கசிவு வரும், வோற்றளவு இறங்கும், எண்ணிக்கையும் குறையும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் கழுவி, நன்றாகக் காயவைத்து, பலகைக்கு வார்னிஷ் பூசி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட வேண்டும்.

இதைவிடத் தொல்லை தருவது சொலினொயிட். சுருளில் மின்னோட்டம் அறும்போது எழும் மின் உதைப்பை ரியூப் சுற்று துடிப்பென்று நம்பி மறுபடி அடிக்கச் சொல்லும். கருவி தன் சத்தத்துக்குத் தானே தாளம் போடத் தொடங்கும். இதை அடக்கச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட், சொலினொயிட்டுக்கென்று தனி 12 வோல்ற் வழங்கி, ரியூப்புகளைச் சுற்றி மெல்லிய அலுமினியப் பெட்டி (மியூவோனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை) வேண்டும். அதன் பிறகும் ஒவ்வோர் அடிக்கும் பின் 300 மில்லிசெக்கன் உள்ளீட்டைக் கணக்கில் எடுக்காதபடி நிரல் எழுதுங்கள். இழப்பு நூற்றுக்கு ஒன்றுதான். அடிகள் சம இடைவெளியில் விழுந்தால் அது விண்ணிலிருந்து வந்ததல்ல.

சரிபார்க்க, கதிர் வீசும் தோரியம் கலந்த பழைய பெற்றோமக்ஸ் மன்டில் போதும். கிட்ட வைத்தால் ஒவ்வொரு ரியூப்பின் தனி எண்ணிக்கை எகிற வேண்டும், சோடி எண்ணிக்கை பெரிதாக அசையக் கூடாது. (தோரியம் கொண்ட தோரியனைட் கனிமம் 1904இல் அறியப்பட்டதே இலங்கையில்தான், கண்டெடுத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி.) பிறகு ரியூப்புகளைப் பக்கம் பக்கமாகக் கிடத்துங்கள். மேலிருந்து வருபவை அதிகம் என்பதால் சோடிகள் சட்டென்று குறையும். குறையாவிட்டால் மின் இரைச்சலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

பார்க்க வருபவர்களுக்கு இடைவெளிதான் புதிர். நிமிடத்துக்கு இரண்டு என்றால் இரண்டு நிமிட மௌனம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை வரும், உடனே "பழுதா?" என்பார்கள். அந்த நேரத்தைப் போலி ஒலியால் நிரப்புவதில் உடன்பாடில்லை. பதிலாகத் தனித் துடிப்புகளை நாடாவின் அடியில் மங்கிய நீலப் பொட்டாகக் காட்டுகிறோம், சோடிக்கு மட்டும் வெள்ளை. 60 எல்ஈடியும் முழு வெள்ளையில் 3.6 அம்பியர் கேட்கும், ஆகவே பிரகாசத்தைக் காற்பங்குக்கு மேல் விடுவதில்லை. அடுத்ததாக மூன்றாவது ரியூப்பைக் கீழே சேர்த்து, சாய்வாக வருபவற்றுக்கு வேறு கும்பா வைக்க வேண்டும்.